ஜீவனாம்சம் உண்டு, வீட்டில் பங்கு உண்டா? விவாகரத்துச் சட்டம் சொல்வதும் சொல்லாததும்

ஹைதராபாத்: விவாகரத்துப் பெற்ற இஸ்லாமியப் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்கீழ் முன்னாள் கணவரிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்று, தெலங்கானாவிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மதம் எதுவாயினும் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்பது அத்துடன் உறுதியானது. ஆனால் மணவாழ்வின்போது சேர்த்த வீட்டிலும் மனையிலும் அவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் இன்னும் நேரடியாக விடை சொல்லவில்லை.

நகரின் வடபுறத்தில், மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில் உள்ள ஜீடிமெட்லா போன்ற பகுதிகளில் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது. மருந்து, ரசாயனம், பிளாஸ்டிக், பொறியியல் உதிரிபாகங்கள் எனப் பலவகைத் தொழிற்கூடங்கள் நிறைந்த தொழிற்பேட்டை இது. இத்தகைய தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் தொழிலாளர் குடும்பத்தின் ஒரே சேமிப்பு, பெரும்பாலும் சில பத்து சதுர கஜம் மனையோ, வங்கிக் கடனில் வாங்கிய சிறு அடுக்குமாடி வீடோ ஆகும். கணவனும் மனைவியும் பிரியும்போது அந்த ஒன்றே யாருக்கு என்பதுதான் உண்மையான வழக்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கணவர் தொழிற்கூடத்தில் இயந்திரம் இயக்குபவர். மனைவி மருந்து ஆலையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்து, குழந்தை பிறந்தபின் வேலையை விட்டவர். வீட்டுக் கடனின் மாதத் தவணை கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து செல்கிறது. மனைவியின் சம்பளம் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று செலவாகிவிட்டது. பத்தாண்டு கழித்து இருவரும் நீதிமன்றம் சென்றால், தவணைக்கு வங்கிச் சான்று இருக்கும். மளிகைக்கு எந்தச் சான்றும் இராது. சட்டத்தின் பார்வையில் வீடு கணவருடையது.

தெலங்கானா வழக்கு சொன்னது என்ன?

அந்த வழக்கில் தம்பதிக்கு 2012-ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. 2017-இல் கணவர் தலாக் கூறிப் பிரிந்தார். மனைவியின் மனுவை விசாரித்த குடும்ப நல நீதிமன்றம், மாதம் ரூ.20 ஆயிரம் இடைக்கால ஜீவனாம்சம் வழங்க 2023-இல் உத்தரவிட்டது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை ரூ.10 ஆயிரமாகக் குறைத்தது. இஸ்லாமியப் பெண்களுக்கென 1986-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுவிட்டதால் 125-ஆவது பிரிவு தமக்குப் பொருந்தாது என்று கணவர் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மசிஹ் அடங்கிய அமர்வு அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இருவரும் தனித்தனியே தீர்ப்பு எழுதினர். முடிவு ஒன்றாகவே இருந்தது.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. ஷா பானு வழக்கில் 1985 ஏப்ரல் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தொகை மாதம் ரூ.179.20 மட்டுமே. அத்தீர்ப்பைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அச்சட்டம் செல்லும் என்று 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், இத்தா காலத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் கணவர் நியாயமான ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று விளக்கியது. அதே 2001-இல்தான் 125-ஆவது பிரிவில் இருந்த மாதம் ரூ.500 என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் இப்பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

2024 தீர்ப்பில் நீதிபதி நாகரத்னா எழுதிய ஒரு பகுதி சட்ட வட்டாரத்துக்கு வெளியிலும் பேசப்பட்டது. வருமானம் இல்லாத இல்லத்தரசியின் பொருளாதாரப் பாதுகாப்பைக் கணவர்கள் உணர வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குவதும் ஏடிஎம் அட்டையைப் பகிர்வதும் அதற்கு உதவும் என்று அவர் குறிப்பிட்டார். இது அறிவுரை, கட்டளை அன்று. அறிவுரை தேவைப்படும் அளவுக்குச் சட்டத்தில் இடைவெளி இருப்பதையே அது காட்டுகிறது.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கணவரின் சம்பளத்தில் 25 விழுக்காடு மனைவிக்குச் சட்டப்படி உரியது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அப்படி ஒரு சட்டவிதி இல்லை. 2017-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில், நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானதாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பிற நீதிமன்றங்கள் அதை ஓர் அளவுகோலாகக் கருதலாம். அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

இத்துறையில் இன்று வழிகாட்டியாக விளங்குவது 2020 நவம்பர் 4-ஆம் தேதி வந்த ராஜ்நேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்பாகும். நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி அமர்வு வழங்கிய அத்தீர்ப்பின்படி, இரு தரப்பினரும் தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். ஜீவனாம்சம் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்லாமல், மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். வெவ்வேறு சட்டங்களின்கீழ் வெவ்வேறு நீதிமன்றங்களில் தொகை பெற்றிருந்தால் அவை ஒன்றுக்கொன்று ஈடுசெய்யப்பட வேண்டும்.

2024 டிசம்பர் 10-ஆம் தேதி வேறொரு வழக்கில், நிரந்தர ஜீவனாம்சத்துக்கான எட்டுக் கூறுகளை உச்ச நீதிமன்றம் மீண்டும் தொகுத்துரைத்தது. இரு தரப்பின் சமூக, பொருளாதார நிலை, மனைவி மற்றும் குழந்தைகளின் தேவை, கல்வியும் வேலையும், மனைவியின் சொந்த வருமானமும் சொத்தும், மணவாழ்வில் இருந்த வாழ்க்கைத்தரம், குடும்பத்துக்காக விட்ட வேலை, வழக்குச் செலவு, கணவரின் வருவாயும் கடமைகளும் என்பவையே அவை. 2025 மே மாத வழக்கு ஒன்றில் மாதம் ரூ.50 ஆயிரம் நிரந்தர ஜீவனாம்சமாக நிர்ணயிக்கப்பட்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. விலைவாசி உயர்வை உத்தரவிலேயே சேர்க்கும் இந்த முறை கவனிக்கத்தக்கது.

இவை அனைத்தும் வங்கி வழியே சம்பளம் பெறுபவரிடம் எளிதில் செல்லுபடியாகும். சிறு தொழிற்கூடங்களில் கூலி ரொக்கமாகக் கைமாறும் இடங்களில் நிலைமை வேறு. அங்கே கணவரின் வருமானத்தை மெய்ப்பிப்பதே மனைவிக்குப் பெரும்பாடு. உடல் நலமுள்ள கணவர், வேலை இல்லை என்று சொல்லித் தப்ப இயலாது. உடலுழைப்பின் மூலமாவது பொருளீட்டி மனைவி மக்களைக் காப்பது கடமை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது, இத்தகைய வழக்குகளில் பெண்களுக்குத் துணையாக நிற்கிறது.

யார் பெயரில் பத்திரமோ, அவருக்கே சொத்து:

ஜீவனாம்சம் என்ற சொல்லில் அம்சம், அதாவது பங்கு, இருக்கிறது. சட்டம் தருவதோ தேவைக்கான தொகை. சொத்தில் பங்கு அன்று. இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, மாதத் தொகையாகவோ ஒட்டுமொத்தத் தொகையாகவோ நிரந்தர ஜீவனாம்சம் வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. சொத்தைப் பற்றிப் பேசுவது 27-ஆவது பிரிவு. திருமணத்தின்போதோ அதையொட்டியோ வழங்கப்பட்ட, இருவருக்கும் கூட்டாக உரிய பொருள்களைப் பற்றி மட்டுமே அது கூறுகிறது. திருமணத்துக்குப் பின் பத்து, இருபது ஆண்டுகளில் சேர்த்த வீடும் மனையும் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984, தம்பதியின் சொத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை அந்நீதிமன்றங்களுக்குக் கொடுத்துள்ளது. எந்த அளவுகோலின்படி பிரிப்பது என்பதைச் சொல்லும் சட்டம்தான் இல்லை. எனவே நீதிமன்றம் பத்திரத்தைப் பார்க்கிறது. பணம் கொடுத்தவர் யார் என்று பார்க்கிறது. இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் நிலைமை சற்று மேம்பட்டது. தவணை முழுவதையும் தாமே கட்டியதாகக் கூறி, கூட்டுப் பெயரில் உள்ள வீட்டுக்குக் கணவர் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2025 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஹைதராபாத்தில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. நகரின் பல பகுதிகளில் பதிவு செய்யாமல், நோட்டரி பத்திரத்தின் பேரில் மனை வாங்கும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. பதிவு செய்யப்படாத விற்பனையால் அசையாச் சொத்தின் உரிமை சட்டப்படி கைமாறுவதில்லை. அவ்வாறு வாங்கிய மனையில் கட்டிய வீட்டைப் பற்றி வழக்கு வந்தால், கணவரின் உரிமையே கேள்விக்குறியாகும்போது மனைவியின் கோரிக்கை இன்னும் பின்னே தள்ளப்படும்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, மனைவிக்குப் பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த இல்லம் மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் இவ்வுரிமை எழக்கூடும் என்று 2020 அக்டோபர் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயினும் வசிக்கும் உரிமை வேறு, உடைமை உரிமை வேறு. முன்னதை நம்பி வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ இயலாது.

சீதனம் பெண்ணின் தனிச்சொத்து:

பெண்ணுக்குத் தெளிவான உடைமை உரிமை உள்ள ஒன்று சீதனம். நகை, பாத்திரம், தாய்வீடு எழுதிக் கொடுத்த நிலம் ஆகியவை இதில் அடங்கும். தமிழகத்தில் மஞ்சள்காணி என்றும் தெலுங்கு நாட்டில் பசுப்பு குங்குமம் என்றும் வழங்கும் நிலக்கொடை இவ்வகையைச் சேர்ந்ததே. சீதனம் மனைவியின் முழு உடைமை என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர்க்காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்த நேர்ந்தாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று 2024 ஏப்ரலில் கேரள வழக்கு ஒன்றில் மீண்டும் உறுதிசெய்து, மனைவிக்கு ரூ.25 லட்சம் வழங்க ஆணையிட்டது.

தெலங்கானாவின் இன்னொரு வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1999-இல் மணமாகி அமெரிக்காவில் வாழ்ந்த தம்பதி அங்கேயே 2016-இல் விவாகரத்துப் பெற்றனர். உடைமைகள் அனைத்தும் பிரிவு ஒப்பந்தத்தின் மூலம் தீர்க்கப்பட்டன. அப்பெண் 2018-இல் மறுமணமும் செய்துகொண்டார். 2021-இல் பெண்ணின் தந்தை, சீதன நகைகளை முன்னாள் சம்பந்தி வீட்டார் திருப்பித் தரவில்லை என்று ஹைதராபாத்தில் காவல்துறையிடம் புகார் அளித்தார். 2024 ஆகஸ்ட் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. சீதனத்துக்கு உரியவர் அப்பெண் ஒருவரே; அவர் அதிகாரம் அளிக்காதபோது தந்தைக்கும் அதைக் கோரும் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சீதனம் பெண்ணுடையது என்றால் அது கணவரிடமிருந்து மட்டுமன்றி, பெற்ற தந்தையிடமிருந்தும் தனித்து நிற்பது என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கியது.

மறைந்தால் மதிப்பு, பிரிந்தால்?

இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிட இயலாது என்று சொல்வதற்கில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் அதை ஆண்டாண்டாக மதிப்பிட்டு வருகின்றன. ஜாம்ஷெட்பூர் தீ விபத்து தொடர்பான 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இறந்த இல்லத்தரசிகளின் பணிக்கு மாதம் ரூ.3 ஆயிரம் என்று உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. 2021 ஜனவரி 5-ஆம் தேதி சாலை விபத்து வழக்கு ஒன்றில், இல்லத்தரசிக்குக் கருத்தியல் வருமானம் நிர்ணயிப்பது அவர் உழைப்புக்கான ஏற்பு என்று நீதிபதி என்.வி. ரமணா எழுதினார். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார். ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அந்த ஆய்வு கூறியது.

ஆக, ஒரு பெண் விபத்தில் இறந்தால் அவர் வீட்டில் செய்த வேலைக்கு விலை உண்டு. இழப்பீடு அவர் குடும்பத்துக்குச் செல்கிறது. அதே பெண் உயிரோடு மணவிலக்குப் பெற்றால், அதே வேலைக்குச் சொத்துக் கணக்கில் இடமில்லை. ஒரே உழைப்பைச் சட்டம் இருவேறு விதமாகப் பார்க்கும் இந்த முரண்தான் இப்பிரச்சினையின் மையம்.

இதைச் சரிசெய்யும் முயற்சி சென்னை உயர் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. வெளிநாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றி அனுப்பிய பணத்தில், மனைவி தம் பெயரில் வாங்கிய சொத்துகள் தமக்கே உரியவை என்று கணவர் தொடுத்த வழக்கு அது. கணவர் மறைந்தபின் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தனர். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் 21-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், கணவர் பொருளீட்டியதும் மனைவி விடுமுறையின்றி இல்லத்தைப் பேணியதும் சேர்ந்தே அச்சொத்தை உருவாக்கின என்று கூறி, சில சொத்துகளில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார். இல்லத்தரசியின் பங்களிப்பை ஏற்கும் சட்டம் இதுவரை இல்லை; நீதிமன்றம் அதை ஏற்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்ற அவரது கருத்து முக்கியமானது. எனினும் இது தனி நீதிபதியின் தீர்ப்பு. விவாகரத்து வழக்கிலும் எழுந்தது அன்று. தெலங்கானா நீதிமன்றங்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

யாழ்ப்பாணத்தின் தேடியதேட்டம்:

தம்பதி சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்ற எண்ணம் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியானது என்று சிலர் கருதக்கூடும். தமிழ் மரபிலேயே அதற்குப் பெயர் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-ஆம் ஆண்டளவில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. ஆண் கொண்டுவந்த முதுசம், பெண் கொண்டுவந்த சீதனம், மணவாழ்வில் இருவரும் தேடிய தேடியதேட்டம் என்று அது சொத்தை மூன்றாக வகுத்தது. தேடியதேட்டம் இருவருக்கும் பொதுவானது. 1911-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டமும் அதில் இருவருக்கும் சம உரிமையை ஏற்றது. 1947-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமையைப் பெரிதும் சுருக்கியது.

இந்தியாவுக்குள்ளேயே கோவாவில், போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து தொடரும் சிவில் சட்டத்தின்படி, திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியின் சொத்து பொதுச்சொத்தாகிறது. இருவரும் பாதிப் பாதிக்கு உரியவர்கள். டொராண்டோவில் குடியேறிய தமிழ்த் தம்பதி பிரிந்தால், ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி மணவாழ்வில் பெருகிய நிகரச் சொத்து மதிப்பு சமன் செய்யப்படும். ஜீடிமெட்லாவில் வாழும் தம்பதிக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இந்தியா முழுமைக்கும் அத்தகைய விதியைக் கொண்டுவரும் முயற்சி ஒருமுறை பாதிவழி வந்தது. திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, 2010, மீட்கவியலாதபடி முறிந்த திருமணத்தைக் கலைக்கும்போது கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு வழங்க இடமளித்தது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறுமுன் 2014-இல் அவையின் காலம் முடிந்ததால் மசோதா காலாவதியானது.

கணவர் தரப்பின் கவலை:

மறுதரப்பின் அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. 2024 டிசம்பரில் பெங்களூருவில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட நிகழ்வுக்குப் பின், ஜீவனாம்ச வழக்குகள் பணம் பறிக்கும் கருவியாகின்றன என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. அதே மாதம் 19-ஆம் தேதி, கணவரின் இன்றைய செல்வ நிலைக்கு ஈடாகத் தொகை கோரிய வழக்கில், ஜீவனாம்சம் செல்வத்தைச் சமன்படுத்தும் கருவி அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறி, ரூ.12 கோடியுடன் வழக்கை முடித்தது. பெண்களின் பாதுகாப்புக்கான சட்டங்கள் கணவரை மிரட்டும் கருவியாகக் கூடாது என்றும் எச்சரித்தது. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25-ஆவது பிரிவுகளின்கீழ் வருமானமற்ற கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சொத்துப் பங்கீட்டுக்குத் தெளிவான விதி இருந்தால், இந்த அச்சமும் குறையும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. விதி இல்லாத இடத்தில் பேரம் நடக்கிறது. வீட்டில் பங்கு கேட்க வழியில்லாத மனைவி, ஜீவனாம்சத் தொகையை உயர்த்திக் கேட்கிறார். குற்றவியல் புகார்கள் பேரத்தின் பகுதியாகின்றன. கணவர் தரப்பு வருமானத்தை மறைக்கிறது. சொத்தை உடன்பிறந்தோர் பெயருக்கு மாற்றுகிறது. மணவாழ்வில் சேர்த்தது இவ்வளவு, அதில் இவருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், காவல் நிலையம் வரை செல்லும் பல சண்டைகள் கணக்காளரின் மேசையிலேயே முடிந்துவிடும். திருமணத்துக்கு முந்தைய சொத்துக்கும் மரபுரிமைச் சொத்துக்கும் விலக்கு அளிப்பது, குறுகிய கால மணவாழ்வுக்குக் குறைந்த பங்கு வகுப்பது போன்ற வரம்புகளையும் சட்டமே வகுக்கலாம்.

சமரச ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை:

அத்தகைய சட்டம் வரும்வரை, பரஸ்பர ஒப்புதலுடன் பிரியும் தம்பதிக்கு அவர்களின் ஒப்பந்தமே சட்டம் போன்றது. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ் மனு செய்வோர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அந்தக் கால இடைவெளியில் பின்வருவனவற்றைச் சரிபார்ப்பது நன்று.

முதலாவது, தொகை எவ்வளவு, எத்தனை தவணை, எந்தத் தேதி, தவறினால் என்ன என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். மாதத் தொகையாயின் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வீடு ஒருவருக்கு என்று முடிவானால், அதற்கான பத்திரம் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் உறுதிசெய்ய வேண்டும். வீட்டுக் கடன் இருந்தால், கணவன் மனைவி ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், வீட்டை இழந்தவரிடமும் வங்கி தவணை கேட்கலாம்.

மூன்றாவது, மாதத் தொகைக்கு ஈடாகக் கணவரின் அசையாச் சொத்தின்மீது பொறுப்பு ஏற்படுத்த 25-ஆவது பிரிவு இடமளிக்கிறது. மனுவில் கோரினால் மட்டுமே இதைப் பெற இயலும்.

நான்காவது, தாய் தம் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தாலும் குழந்தையின் உரிமை அழிவதில்லை. குழந்தையின் படிப்பு, மருத்துவச் செலவுகளைத் தனியே குறிப்பிட வேண்டும்.

ஐந்தாவது, திருமணத்தின்போது வழங்கப்பட்ட பொருள்களுக்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்பு விதிகள் கூறுகின்றன. கையெழுத்துடன் கூடிய அந்தப் பட்டியலும் நகைக்கடை ரசீதுமே பின்னாளில் சீதனத்துக்குச் சான்றாகும்.

உத்தரவிட்டும் தொகை வராவிட்டால், 144-ஆவது பிரிவின்கீழ் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நிலுவை எழுந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. காலம் கடந்தால் இவ்வழி அடைபடும். வழக்கறிஞர் அமர்த்த வசதியற்ற பெண்களுக்கு, வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 உரிமை தருகிறது. 15100 என்ற தேசியச் சட்ட உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

பெண்ணின் பெயரில் சொத்துப் பதிவாவதை ஊக்குவிக்கும் சிறு நகர்வுகளும் தொடங்கியுள்ளன. ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இது வாங்கும் நாளில் பெயரைச் சேர்க்கத் தூண்டும். பெயர் சேர்க்கப்படாத இலட்சக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் நடக்கும் உழைப்புக்கு என்ன பங்கு என்பதை நாடாளுமன்றம்தான் சொல்ல வேண்டும். 2014-இல் காலாவதியான மசோதாவைத் திருத்தி மீண்டும் அறிமுகம் செய்வது அதற்கு முதல் படியாக அமையும்.